வேகஸ் – சயான் – பேஜ் – மான்யுமென்ட் வேலி – கிராண்ட் கேன்யன்: அப்பா அம்மாவோடு 7 நாள், இந்தத் திட்டம் சரிவருமா?

வேலூர்க்காரன்
எல்லோருக்கும் வணக்கம். ஊரிலிருந்து அப்பா (68), அம்மா (63) வந்திருக்காங்க. நாங்க ரெண்டு பேர், 9 வயசுப் பையன், ஆக மொத்தம் அஞ்சு பேர். ஜூலை மூணாவது வாரம் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் வரை விமானம், அங்கே வாடகை கார். அங்கேர்ந்து யூட்டா, அரிசோனா பக்கத்துப் பள்ளத்தாக்குகளைச் சுத்தணும். திட்டம் இதுதான்:

நாள் 1 வேகஸ் – டெத் வேலி – வேகஸ்
நாள் 2 வேகஸ் – சயான் – பிரைஸ் கேன்யன்
நாள் 3 பிரைஸ் – பேஜ், அன்னைக்கே ஆன்டிலோப் கேன்யன் (குறுகலான பாறை இடுக்கு), ஹார்ஸ்ஷூ பெண்ட் (ஆறு லாடம் மாதிரி வளையும் இடம்)
நாள் 4 மான்யுமென்ட் வேலி, 17 மைல் மண் சாலை
நாள் 5 கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு
நாள் 6 வேகஸ்
நாள் 7 வீடு

செடான் போதுமா, எஸ்யூவி வேணுமா? பெட்ரோல், சாப்பாடு எங்கே சிக்கல்? எதை வெட்டலாம்?

கள்ளிச்செடி
வெட்ட வேண்டியது ஊரை இல்லை, மாதத்தை.

டெத் வேலியில் ஜூலை என்றால் பகல் 120 ஃபாரன்ஹீட் சாதாரணம். 1913 ஜூலை 10 அன்று ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 134 டிகிரிதான் உலக வானிலை அமைப்பு இன்றும் வைத்திருக்கும் உச்சம். கோடையில் காலை 10 மணிக்கு மேல் தாழ்வான இடங்களில் நடக்காதே என்று பூங்காக்காரர்களே சொல்கிறார்கள். காரை விட்டு இறங்கி ஐந்து நிமிடத்தில் திரும்பி ஏறுவதற்கா போகவர 240 மைல்?

ஊர்க்காரர்களுக்கு இங்கே இன்னொரு ஆபத்து. வேலூர் வெயிலில் சட்டை நனையும், உடனே தண்ணீர் குடிக்கத் தோன்றும். இங்கே வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், சட்டை நனையாது. "வேர்க்கவே இல்லையே" என்று தண்ணீர் பாட்டிலைத் தொடாமல் இருப்பார்கள். தலைவலி, எரிச்சல், பேச்சு குறைவது, இவை வந்தால் ஏற்கெனவே தாமதம். கணக்கு: ஆளுக்கு ஒரு நாளைக்கு 1 கேலன், அதாவது ஏறக்குறைய 4 லிட்டர். வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறையும், அதனால் ஓஆர்எஸ் பொட்டலம் நாலைந்து பையில் இருக்கட்டும். அப்பா சாப்பிடும் பிரஷர் மாத்திரை சிறுநீர் பிரிக்கும் வகையா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அக்டோபர் முதல் வாரத்துக்குத் தள்ள முடியுமா?

வேலூர்க்காரன்
நவம்பர் வரை இருப்பாங்க. பையனுக்கு அக்டோபரில் ஒரு வாரம் லீவு உண்டு. டிக்கெட்டை மாத்தலாம். ஆனா டெத் வேலி தவிர மத்த இடமெல்லாம் ஜூலையில் பரவாயில்லைன்னு நினைச்சேன்?

மலைமுகடு
வெயிலை விடுங்க, ஜூலை நடுவிலேர்ந்து செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம். காலையில் வானம் துடைச்சுவிட்ட மாதிரி இருக்கும். மதியம் 2 மணிக்கு மேலே இடியோட கொட்டும். பாறையும் காய்ஞ்ச மண்ணும் தண்ணியைக் குடிக்காது, அப்படியே வழிச்சு ஓடையில் தள்ளிடும். 1997 ஆகஸ்ட் 12-ல் கீழ் ஆன்டிலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தது இப்படித்தான். மழை பெய்தது பல மைல் தள்ளி, மேட்டுப் பக்கம்.

அதனால் உங்க தலைக்கு மேல் இருக்கிற வானத்தைப் பார்த்து முடிவு பண்ணக்கூடாது. வழிகாட்டி டூரை ரத்து பண்ணினா சண்டை போடாதீங்க. ரோட்டில் பள்ளத்தைக் குறுக்கே தண்ணி ஓடினா காரை நிறுத்திக் காத்திருங்க. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு மணி நேரத்தில் வடிஞ்சிடும். அடியில் தார் இருக்கா, அரிச்சுப் போச்சான்னு மேலேர்ந்து தெரியாது.

அக்டோபர் முதல் வாரம்னா இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. இரண்டாவது திங்கள் கொலம்பஸ் தினம், அந்த வார இறுதியைத் தவிருங்க. அடுத்து யூட்டா பள்ளிகளுக்கு இலையுதிர் விடுமுறை வரும், அப்போ சயானில் கார் நிறுத்த இடம் கிடைக்காது.

இப்போ உங்க நாள் கணக்கு. நிறுத்தாமல் ஓட்டினா ஆகிற நேரம் இது:

வேகஸ் – ஸ்பிரிங்டேல் (சயான் வாசல்): 165 மைல், இரண்டே முக்கால் மணி
ஸ்பிரிங்டேல் – பிரைஸ்: 85 மைல், 2 மணி
பிரைஸ் – பேஜ்: 150 மைல், இரண்டே முக்கால் மணி
பேஜ் – மான்யுமென்ட் வேலி: 125 மைல், இரண்டே கால் மணி
மான்யுமென்ட் வேலி – கிராண்ட் கேன்யன் கிராமம்: 180 மைல், மூணே கால் மணி
கிராண்ட் கேன்யன் – வேகஸ்: 280 மைல், நாலரை மணி

கூட்டினா ஆயிரம் மைலுக்குப் பக்கம். ஓட்ட முடியாத தூரம் இல்லை. ஆனா உங்க நாள் 2-ல் சயானுக்குக் கிடைக்கிறது மதியம் ரெண்டு மணி நேரம்தான். டெத் வேலியை எடுத்துட்டு அந்த நாளை சயானுக்குக் குடுங்க.

நான்குசக்கரம்
வண்டி பத்தி நான் சொல்றேன்.

இந்தச் சுற்றில் மான்யுமென்ட் வேலி 17 மைல் தவிர எல்லாமே தார் ரோடு. அஞ்சு பேர், அஞ்சு பெட்டி, வயசானவங்க ஏறி இறங்கணும். மினிவேன் எடுங்க. எஸ்யூவியில் மூணாவது வரிசையைப் போட்டா பெட்டிக்கு இடமில்லை, மடக்கினா நடு வரிசையில் மூணு பேர் நெருக்கி உட்காரணும்.

கவுண்டரை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்க. இப்போ நிறைய வண்டியில் ஸ்டெப்னி கிடையாது, காத்தடிக்கிற குட்டி மோட்டாரும் பசை பாட்டிலும்தான். பக்கவாட்டில் கிழிஞ்சா பசை உதவாது. ஸ்டெப்னி இருக்கிற வண்டியைக் கேட்டு வாங்குங்க. டயர் பட்டன் தேய்மானமும் பாருங்க.

யூட்டாவில் பெட்ரோல் போடும்போது கவனம். அங்கே "ரெகுலர்"னு இருக்கிறது பல பங்கில் 85 ஆக்டேன். வண்டிக் கையேட்டில் குறைந்தபட்சம் 87-னு இருக்கும். பக்கத்து பட்டன் 88-ஐ அமுக்குங்க. மலை உயரத்தில் 85 போதும்ங்கிறது கார்புரேட்டர் காலத்துக் கதை.

எங்கெங்கே நிரப்பணும்: ஹரிகேன் அல்லது செயின்ட் ஜார்ஜ், கனாப், பேஜ், கயென்டா, அப்புறம் டூபா சிட்டி அல்லது கேமரன். கிராண்ட் கேன்யன் வாசலில் இருக்கிற டுசாயனில் விலை கடிக்கும். பாதி டேங்குக்குக் கீழே முள் இறங்க விடாதீங்க, அவ்வளவுதான் விதி. இந்தச் சுற்றில் இது எளிது. மோவாப் பக்கம் நீட்டி ஐ-70-ல் கிரீன் ரிவரிலிருந்து சலைனா போறவங்களுக்குத்தான் நூறு மைலுக்கு மேல் ஒரு பங்கு கூடக் கிடையாது.

ஏத்தத்தில் வெப்ப முள் ஏறினா ஏசியை அணைச்சு, ஹீட்டரை முழுசாத் திறந்து, ஜன்னலை இறக்குங்க. கேட்கக் கிறுக்குத்தனமா இருக்கும், ஆனா எஞ்சின் சூட்டை வெளியே இழுக்கிற இரண்டாவது ரேடியேட்டர் அது. அப்புறமும் ஏறினா ஓரம் கட்டுங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க. இறக்கத்தில் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராம கியரைக் குறைச்சு விடுங்க.

இன்னொண்ணு, வேகஸில் 95 டிகிரியில் காத்து பிடிச்ச டயர், பிரைஸில் விடியற்காலை 30 டிகிரியில் மஞ்சள் விளக்கு போடும். 10 ஃபாரன்ஹீட்டுக்கு 1 பி.எஸ்.ஐ. குறையும், ஆக 6 குறையும். பயப்படாதீங்க.

யூட்டாவாசி
நான்குசக்கரம் அண்ணா, கணக்கில் பாதிதான் சொல்லியிருக்கீங்க. வேகஸ் 2000 அடி, பிரைஸ் 8000 அடி. மேலே போகப் போக வெளிக்காத்து அழுத்தம் 2.7 பி.எஸ்.ஐ. கிட்டக் குறையும், அளவுகோலில் டயர் அழுத்தம் அதே அளவு கூடிக் காட்டும். நிகரமா 3 சொச்சம்தான் குறையும். 35 இருந்தா 31 காட்டும். விளக்கு வந்தாலும் வராட்டியும் அங்கே காத்து அடிச்சு 35 ஆக்கிட்டு பேஜுக்கு இறங்கினீங்கன்னா வெயிலில் அதிகமாயிடும்.

நான்குசக்கரம்
சரிதான் தம்பி. அப்போ முடிவு: காலையில் வண்டி எடுக்கும் முன்னாடி ஒரு தடவை பாருங்க, கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கிற எண்ணைவிட 5-க்கு மேல் குறைஞ்சா மட்டும் அடிங்க. ஓடிச் சூடான டயரில் காத்தை இறக்கிவிடாதீங்க.

வேலூர்க்காரன்
அக்டோபர் முதல் வாரமே முடிவு பண்ணிட்டோம். அந்த 17 மைலை மினிவேனில் போகலாமா?

கள்ளிச்செடி
காய்ந்த நாளில் மினிவேன் போகும். போகலாமா என்பது வேறு. வாடகை ஒப்பந்தங்களில் தார் போடாத சாலை விலக்கு. அங்கே அடிபட்டால் நீங்கள் கட்டிய காப்பீடும் கிரெடிட் கார்டு காப்பீடும் கைவிரிக்கும். முதல் இறக்கமே மோசம். மணல் புதைவும், அலை அலையாகத் தடதடக்கும் தரையும் அப்பாவின் இடுப்பைக் கேட்காது. அங்கே வாழும் நவஹோ பழங்குடியினர் நடத்தும் ஜீப் டூர் எடுங்கள். தனி வண்டிகளை விடாத பகுதிகளுக்கும் அவர்கள் கூட்டிப்போவார்கள். திறந்த ஜீப் என்றால் செம்மண் முகத்தில் அப்பும், அம்மாவின் துப்பட்டா உதவும். வெளிச்சத்துக்கு மாலை டூர்.

அது தேசியப் பூங்கா இல்லை, நவஹோ நாட்டின் பூங்கா. வருடாந்திர பாஸ் செல்லாது, ஆளுக்கு 8 டாலர் தனி. டிரோன் கூடாது. நவஹோ மண்ணில் மது விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். வீடுகளையும் ஆட்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

வேலூர்க்காரன்
பாஸ் பத்தி சொன்னதால கேக்குறேன். எதுக்கு எவ்வளவு?

மலைமுகடு
சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூணுமே காருக்கு 35 டாலர், ஆக 105. வருடாந்திர பாஸ் 80. முதல் வாசலிலேயே பாஸ் வாங்கிடுங்க. ஹார்ஸ்ஷூ பெண்ட் பார்க்கிங் பேஜ் நகராட்சியோடது, 10 டாலர். ஆன்டிலோப் நவஹோ நிலம், வழிகாட்டி இல்லாம நுழையவே முடியாது. இந்த ரெண்டுக்கும் பாஸ் உதவாது.

2026 ஜனவரியிலேர்ந்து புது விதி இருக்கு: 80 டாலர் பாஸ் அமெரிக்காவில் வசிக்கிறவங்களுக்கு மட்டும், வாசலில் அரசு அடையாள அட்டை காட்டணும். வெளிநாட்டவருக்கு பாஸ் 250. பாஸ் இல்லாத வெளிநாட்டவர் 16 வயசும் அதுக்கு மேலும்னா, 11 பெரிய பூங்காவில் ஆளுக்கு 100 டாலர் கூடுதல். சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூணும் அந்தப் பட்டியலில் இருக்கு. அப்பா அம்மா விசிட்டர் விசாவில் இருக்காங்க, அதனால் உங்க பாஸில் ஒரே காரில் வர்றவங்களுக்கான விதியைக் கிளம்புற வாரம் தேசியப் பூங்கா சேவையின் தளத்தில் படிச்சுட்டுப் போங்க. வாசலில் நின்னு வாதாடுற விஷயம் இல்லை.

தயிர்சாதம்
சாப்பாட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே!

சைவம் என்றால் வேகஸிலேயே ஒரு இந்தியக் கடையில் சாமான் வாங்கிவிடுங்கள். கனாபுக்குப் பிறகு பீட்சாவும் பீன்ஸ் பரிட்டோவும்தான் துணை. கயென்டாவில் நவஹோ உணவகங்களில் பொரித்த ரொட்டி கிடைக்கும், நம்ம ஊர் பட்டூரா மாதிரி பெரிசு. பீன்ஸ், சீஸ் மட்டும் வைத்துக் கேட்டால் தருவார்கள். எந்த எண்ணெயில் பொரித்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள், விலங்குக் கொழுப்பாகவும் இருக்கலாம்.

புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப்பொடி, நல்லெண்ணெய், ஊறுகாய், சப்பாத்தி. இது போதும். சோறு வடிக்க ரைஸ் குக்கர் கொண்டுபோகிறவர்கள் பிரைஸில் ஏமாறுவார்கள். 8000 அடியில் தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். வெளியே பொங்கும், உள்ளே அரிசி நறுக்கு நறுக்கென்று இருக்கும், தண்ணீர் வற்றியதும் குக்கர் தானே அணைந்துவிடும். அரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வழக்கத்தைவிட அரை டம்ளர் தண்ணீர் கூட வையுங்கள். அழுத்தத்தில் வேகும் மின் குக்கர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பருப்பு வேக வைக்கும் ஆசையை வேகஸோடு விட்டுவிடுங்கள். அறையில் தாளிக்கவும் வேண்டாம். கடுகு வெடிக்கும் முன் புகை அலாரம் அடிக்கும், அபராதமும் வரும்.

இன்னொரு விஷயம், அம்மாக்கள் கேட்கக் கூச்சப்படுவது: கழிப்பறை. பேஜுக்கும் கயென்டாவுக்கும் நடுவில் 100 மைல் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பேஜை விட்டுக் கிளம்பும் முன் எல்லோரும் போய்விட்டு வரட்டும். கழிப்பறை இல்லை என்று வயதான பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்துவார்கள், மேலே கள்ளிச்செடி சொன்ன ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

வேலூர்க்காரன்
அக்கா, அம்மா அப்படியேதான் பண்ணுவாங்க 🙏 ஆன்டிலோப்பில் மேல், கீழ்னு ரெண்டு இருக்கே, எது?

யூட்டாவாசி
பெரியவங்களோடன்னா மேல்தான். ஜீப்பில் கூட்டிட்டுப் போவாங்க, உள்ளே தரை சமம். கீழ் கேன்யனில் செங்குத்தான இரும்புப் படிக்கட்டு, முட்டி வலி இருந்தா வேண்டாம். மேலிருந்து கம்பி மாதிரி விழுற ஒளிக்கீற்று கோடையில் உச்சிவேளைக்குத்தான் நல்லா வரும். அக்டோபரில் சூரியன் சாய்ஞ்சுடும், கீற்றுக்காக நடுப்பகல் டிக்கெட்டுக்குக் கூடக் காசு குடுக்காதீங்க, காலை நேரமே போதும். பை, டிரைபாட், செல்ஃபி குச்சி எதுவும் விடமாட்டாங்க. டிக்கெட்டை இப்பவே எடுங்க.

இப்போ முக்கியமான விஷயம், கடிகாரம். அரிசோனா கோடைகால நேரமாற்றம் வைக்கிறதில்லை. நவஹோ நாடு வைக்கும். நவஹோவுக்குள்ளே இருக்கிற ஹோபி பழங்குடி நிலம் மறுபடி வைக்காது. அக்டோபரில் உங்களுக்கு இப்படி வரும்:

வேகஸும் பேஜும் ஒரே நேரம்.
சயான், பிரைஸ், கனாப் ஒரு மணி முன்னாடி.
மான்யுமென்ட் வேலி, கயென்டா ஒரு மணி முன்னாடி.
கிராண்ட் கேன்யன் மறுபடி வேகஸ் நேரம்.

ஆன்டிலோப் நவஹோ நிலம்தான், ஆனா டூர் ஓடுறது பேஜ் நேரத்தில். பேஜில் போன் யூட்டா பக்க டவரைப் பிடிச்சு ஒரு மணி நேரம் கூட்டிக் காட்டும், அடுத்த நிமிஷம் திரும்பிடும். தானியங்கி நேரத்தை அணைச்சு, போனில் "ஃபீனிக்ஸ்"னு கையால் வெச்சுடுங்க. பேஜிலிருந்து மான்யுமென்ட் வேலிக்குக் கிளம்பும்போது ஒரு மணி நேரத்தை இழக்கறீங்க, மாலை 4 மணி ஜீப் டூருக்கு பேஜ் கடிகாரத்தில் 12 மணிக்கே வண்டி எடுங்க.

மலைமுகடு
வெளிச்சத்தையும் சேர்த்துப் பாருங்க. பிரைஸில் "சன்செட் பாயின்ட்"னு பேர் இருக்கேன்னு மாலையில் போவாங்க. அந்தக் கிண்ணம் முழுக்கக் கிழக்கு பார்த்தது. சாயங்காலம் எல்லாம் நிழல். விடியலில்தான் தூண் தூணா நெருப்புப் பிடிக்கும், அதனால் பிரைஸில் இரவு தங்கி, கம்பளி போட்டுக்கிட்டு, விடியறதுக்கு அரை மணி முன்னாடி போய் நில்லுங்க.

மான்யுமென்ட் வேலியில் பார்வையாளர் மையமும் கிழக்கு பார்த்ததுதான். ஆனா அங்கே பார்க்கிறது பக்கத்துக் குழி இல்லை, தள்ளி நிக்கிற பாறை. மாலையில் சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி, பாறை முழுக்கச் சிவப்பு. காலையில் கறுப்பு நிழலுருவம். ரெண்டும் வேணும்னா அங்கேயே ஒரு ராத்திரி. அறை கிடைக்காட்டி கயென்டா, அரை மணி நேரம்.

ஹார்ஸ்ஷூ பெண்ட் மேற்கு பார்த்தது. மாலையில் சூரியன் நேரா லென்ஸில் விழும், விடியலில் அடியில் ஆறு இருட்டு. காலை 9-லேர்ந்து 11. போகவர ஒன்றரை மைல் நடை, நிழல் குறைவு. விளிம்பில் ஒரு சின்னப் பகுதிக்குத்தான் கம்பி வேலி. பையன் கையை விடாதீங்க.

சயானில் சொந்தக் கார் உள்பள்ளத்தாக்குக்குப் போகாது, இலவசப் பேருந்து மட்டும். காலை 8 மணிக்குள்ளே வந்தா வாசலில் நிறுத்தலாம், இல்லைன்னா ஸ்பிரிங்டேலில் நிறுத்தி ஊர்ப் பேருந்தில் வாங்க. பெரியவங்களுக்கு கடைசி நிறுத்தத்தில் ஆற்றோர நடை, போகவர 2.2 மைல், பாதை போட்டது. ஏஞ்சல்ஸ் லேண்டிங்னு செங்குத்தான மலையேற்றம் ஒண்ணு இருக்கு, அதுக்கு 2022 ஏப்ரலிலேர்ந்து குலுக்கல் அனுமதி. உங்க கூட்டத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

வேலூர்க்காரன்
கேட்டதெல்லாம் வெச்சுத் திருத்தினது:

நாள் 1 வேகஸ் – ஸ்பிரிங்டேல், மாலை ஓய்வு
நாள் 2 சயான் காலை 7 – மதியம் 2, சுரங்கம் வழியா பிரைஸ், இரவு அங்கே
நாள் 3 பிரைஸ் விடியல், கனாபில் சாப்பாடு, பேஜ்
நாள் 4 காலை 8:30 மேல் ஆன்டிலோப், 10:30 ஹார்ஸ்ஷூ, 12 மணிக்குக் கிளம்பி 4 மணி ஜீப் டூர், இரவு கயென்டா
நாள் 5 கிராண்ட் கேன்யன், டெசர்ட் வியூ (கிழக்கு) வாசல் வழியா, இரவு டுசாயன்
நாள் 6 மதியம் வரை விளிம்பு, பிறகு வேகஸ்
நாள் 7 விமானம்

ராத்திரி 8-க்கு வேகஸ் சேர்ந்துடலாமா? நடுவில் ரூட் 66 பழைய நெடுஞ்சாலையைப் பார்க்கணும்னு அப்பாவுக்கு ஆசை.

கள்ளிச்செடி
நாள் 4 இறுக்கம். ஆன்டிலோப் டூருக்கு அரை மணி முன் வரச் சொல்வார்கள், முடிய 10:15 ஆகும். ஹார்ஸ்ஷூவில் பார்க்கிங், நடை சேர்த்து ஒன்றரை மணி. 12-க்கு வண்டி நகராது. ஹார்ஸ்ஷூ பெண்டை நாள் 3-க்கு மாற்றுங்கள், மாலை வெளிச்சம் சுமார்தான், ஆனால் சூரியன் மறைந்த பின் பத்து நிமிடம் நிறம் நன்றாக இருக்கும். அதற்கு பிரைஸிலிருந்து 11 மணிக்குக் கிளம்ப வேண்டும். அப்போதும் வழியில் யூ.எஸ். 89-ல் டோட்ஸ்டூல் என்ற காளான் வடிவப் பாறைகளுக்கு நேரம் உண்டு, ஒரு பக்கம் முக்கால் மைல் நடை, கட்டணம் இல்லை.

நாள் 5-ல் கிழக்கு வாசலில் நுழைவது சரி. லிபான் பாயின்டில் நின்று சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு இருட்டில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஓட்ட வேண்டிவரும். எல்க் மான் சாலையில் நிற்கும், மணிக்கு 35 மைலுக்கு மேல் போகாதீர்கள்.

நாள் 6: மதியம் 1 மணிக்குக் கிளம்பினால் செலிக்மன் – பீச் ஸ்பிரிங்ஸ் – கிங்மன் பழைய சாலை 87 மைல், ஐ-40-ஐவிட முக்கால் மணி கூட. செலிக்மனில் நின்றால் இன்னும் அரை மணி. 7:30-க்கு வேகஸ். சூரியன் மறையும் வரை மேற்கே நேர் வெயில், கண்ணாடியை கிங்மன் பங்கில் துடையுங்கள், பூச்சிக் கறையில் வெயில் பட்டால் சாலையே தெரியாது. ஹூவர் அணை பாலத்தில் காரிலிருந்து அணை தெரியாது, தடுப்புச் சுவர் மறைக்கும். அதற்கு நேரம் ஒதுக்க வேண்டாம்.

யூட்டாவாசி
கூகுள் மேப் நாள் 3-ல் "20 நிமிஷம் குறைவு"ன்னு காட்டன்வுட் கேன்யன் ரோட்டைக் காட்டலாம். 46 மைல் களிமண் ரோடு. காய்ஞ்சா புழுதி, நனைஞ்சா சோப்பு, நாலு சக்கர இழுவையும் நிக்காது. யூ.எஸ். 89-ஐ விட்டு இறங்காதீங்க. பனாகா, கனாப், பேஜ், கயென்டா வரை மேப்பை ஆஃப்லைனில் இறக்கிடுங்க.

நான்குசக்கரம்
பனாகா நெவாடாவில் இருக்கு தம்பி, இவங்க வழியில் இல்லை.

யூட்டாவாசி
பாங்விட்ச்னு இருக்கணும் அண்ணா. பிரைஸ் பக்கத்து ஊர். வேலூர்க்காரன் சார், அதையும் சேர்த்து இறக்கிடுங்க.

வேலூர்க்காரன்
இறக்கிட்டேன். ஆன்டிலோப் 8:30 டிக்கெட்டும் அஞ்சு பேருக்குப் போட்டாச்சு. கயென்டா ஹோட்டலில் தரைத்தளம் கிடைச்சுது. மினிவேனில் ஸ்டெப்னி இருக்கான்னு போனில் கேட்டா தெரியலைங்கறாங்க.

நான்குசக்கரம்
போனில் யாருக்கும் தெரியாது. வேகஸ் பார்க்கிங் மாடியில் அந்த வகுப்பு வண்டி வரிசையா நிக்கும், டிக்கியைத் திறந்து பார்த்து நீங்களே பொறுக்கிக்கலாம்னா பொறுக்குங்க. கிடைக்கலைன்னா காத்தடிக்கிற 12 வோல்ட் மோட்டாரும், ஆணி ஓட்டையை அடைக்கிற ரப்பர் திரி செட்டும் வேகஸ் வால்மார்ட்டில் வாங்கிக்கங்க. திரியைச் செருகும் முன்னாடி ஆணியை எந்தக் கோணத்தில் இழுத்தீங்களோ அதே கோணத்தில் அரத்தை விடணும், இல்லைன்னா டயர் உள் கம்பி அறுந்துடும்.

தயிர்சாதம்
ஆன்டிலோப் டிக்கெட்டில் பையனுக்குச் சிறுவர் கட்டணம் போட்டீர்களா என்று ஒரு தடவை பாருங்கள். புளிக்காய்ச்சலைச் சின்னப் பாட்டில் இரண்டாகப் பிரித்து, விமானத்தில் சரக்குப் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.